அண்ணன் சைக்கிளின் பின் சக்கரம்

என் அண்ணன் இறந்த அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், அவனுடைய சைக்கிளை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்ததுதான்.

அண்ணன் கணக்கு வாத்தியார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து ஆசிரியர் அறை நாற்காலியில் சாய்ந்தவன் அப்படியே போய்விட்டான். ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்து ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தபோது அவனோடு வேலை பார்த்த ஒருவர் என் தோளைத் தொட்டுச் சொன்னார். "சார், சைக்கிள் ஸ்கூல்லயே நிக்குது. அங்கயே உட்டா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிடுவான்."

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அண்ணனை யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை. சைக்கிளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஆகவே அண்ணனை ஆம்புலன்ஸில் வரச் சொல்லிவிட்டு நான் சைக்கிளில் வந்தேன்.

அது கியர் வைத்த மவுண்டன் பைக். தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர். ஊரில் இவ்வளவு பெரிய மலை இருக்கிறது, அதில் ஒரு அடிகூட ஏறாத மவுண்டன் பைக். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு. மிதிக்காமல் உருள விட்டால் பின் சக்கரத்து ப்ரீவீல் பல்சக்கரம் 'டிக்டிக்டிக்டிக்' என்று பெரிதாகச் சத்தம் போடும். தெருமுனையில் அவன் மிதிப்பதை நிறுத்துவான். அங்கிருந்து கேட் வரைக்கும் சத்தம் முன்னால் வரும், அண்ணன் பின்னால் வருவான்.

நானும் அன்று பழக்கம் இல்லாத வண்டி என்று பயந்து தெருமுனையிலேயே மிதிப்பதை நிறுத்திவிட்டேன்.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "வந்துட்டியா பெரியவனே? இன்னா, இன்னிக்கி சீக்கிரமே உட்டுட்டாங்களா?"

அம்மாவுக்கு அதற்கு முன்பே மறதி வந்திருந்தது. காலையில் சாப்பிட்டது மதியம் நினைவிருக்காது. கண்ணும் சரியில்லை, ஆளைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிப்பதைவிட அரவத்தை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் அவளுக்குச் சுலபம். சைக்கிள் வந்தால் பெரியவன். வாய் ஓயாமல் ஏதாவது பேசிக்கொண்டே வந்தால் சின்னவன். நான் கேட்டில் நின்றேன். ஜோக்கடித்தே பிழைப்பு நடத்திய வாய் எனக்கு. ஆபீஸ் இரங்கல் கூட்டத்தில்கூடப் பக்கத்து ஆள் காதில் ஜோக்கடித்தவன். அன்று வந்தது ஒரே எழுத்து. "ம்" என்றேன். அண்ணனும் அப்படித்தான் சொல்லுவான்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவள் எனக்கு டீ போடச் சொல்லி, சேதி கேட்டு வந்து அவளுக்குத் துணையிருந்த என் மனைவிக்குக் குரல் கொடுத்தாள்.

சாவு வீட்டில் அம்மா எல்லோரையும்போலத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் சாயந்திரம் "பெரியவன் இன்னும் வரலியா?" என்றாள். சொன்னோம். முதல் தடவை கேட்பதுபோல அழுதாள். அடுத்த நாளும் கேட்டாள், அடுத்த நாளும் சொன்னோம், அடுத்த நாளும் அழுதாள். தினம் ஒரு சாவு எங்கள் வீட்டில், பிணம் மட்டும் இல்லை. டாக்டரிடம் கூட்டிப்போனதற்கு, "ஏன் சார் டெய்லி அவங்களைக் கொல்றீங்க? விட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டோம். ஆனால் பெரியவன் வராமல் அவள் சாப்பிடுவதாயில்லை. தட்டை அப்படியே தள்ளிவைத்துவிட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். உடம்பு கண்ணுக்கெதிரே வற்றிக்கொண்டே வந்தது.

நாங்கள் அதற்குள் வேங்கிக்காலில் குடியிருந்த எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவோடு வந்துவிட்டோம். ஒருநாள் என் ஸ்கூட்டர் கிளம்பவில்லை என்று அண்ணன் சைக்கிளில் ஆபீஸ் போய்த் திரும்பினேன். தெருமுனையிலிருந்து டிக்டிக்டிக்.

"பெரியவனே, வந்துட்டியா? கை கால் கழுவிட்டு வா, பசிக்குது."

அன்றைக்கு அம்மா இரண்டு தோசை சாப்பிட்டாள். என் மனைவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் ஸ்கூட்டர் சரியாகிவிட்டது. நான் சைக்கிளையே எடுத்தேன்.

இப்படித்தான் ஐம்பது வயதுக்குப் பக்கத்தில், ஒரு நடையில் மூச்சு வாங்குகிற தொப்பையோடு, நான் மவுண்டன் பைக் வீரன் ஆனேன். ஆபீஸில் "சார் ஃபிட்னஸ்ல இறங்கிட்டாரு" என்றார்கள். "ஆமாம், உலக அழகன் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அண்ணன் வேஷம் சுலபமான வேஷம், வசனமே கிடையாது. உள்ளே வருவது, உட்காருவது, "ம்" போடுவது. கஷ்டம் என்னவென்றால் அம்மா பெரியவனிடம் மனசு விட்டுப் பேசுவாள். முக்கால்வாசி சின்னவனைப் பற்றி.

"சின்னவன் கீறானே, அவனுக்கு எல்லாமே வெளையாட்டு. பொண்டாட்டி பாவம், எப்பிடித்தான் அவங்கூட குப்ப கொட்டறாளோ."

"ம்."

"நாளைக்கி எனக்கு ஒண்ணுன்னாகூட அவன் சிரிச்சிக்கினு நிப்பான். நீதான் பாத்துக்கணும்."

"ம்."

என்னைப் பற்றி இவ்வளவு ஒளிவுமறைவில்லாத கருத்தை நான் யாரிடமும் கேட்டதில்லை. பதில் சொல்லவும் வழியில்லை. நல்ல பதில்களாகவே தோன்றும். விழுங்கிக்கொண்டு சாம்பாரை ஊற்றிக்கொள்வேன்.

சைக்கிள் பழசு. நான் உட்கார்ந்த ஆறாம் மாதத்துக்குள் என் எடைக்கு அது ஒவ்வொன்றாக ஒப்புக்கொடுக்க ஆரம்பித்தது. முதலில் சீட். பிறகு செயின். பிறகு பிரேக். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கி நிறுத்தி, இழவு விசாரிக்கிற முகத்தோடு பார்ப்பார். என்னைவிட இளையவர், புதுச் சைக்கிள் விற்பதில் அவருக்கு ஒரு பக்தியே உண்டு.

"சார், இந்த சைஸ் சக்கரமே இப்ப வர்றதில்ல. இதுக்கு மேல மேல செலவு பண்றதுக்கு புதுசு எடுத்துடுங்க. டிஸ்க் பிரேக்கு, பெரிய வீலு, சும்மா பறக்கும்."

"நான் பறந்தா கீழ வர்றது யாரு பொறுப்பு?"

புதுசு வாங்குவது பற்றி வீட்டில் ஒருமுறை வாய்விட்டேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"தலைதெவசம் முடியற வரைக்கும் வண்டிகிண்டி புதுசா வாங்கக்கூடாதுங்க. துணியே எடுக்கல நாம."

"சக்கரம் மாத்தினா?"

"அது ரிப்பேரு."

"சட்டத்தையே மாத்தினா?"

"அது புதுசு."

"இந்த மாசம் சக்கரம், அடுத்த மாசம் சட்டம்னு தனித்தனியா மாத்தினா?"

"மாத்த வேண்டியது உங்க நாக்கு."

எங்களில் அப்படித்தான். ஒரு சாவு விழுந்தால் வருஷம் முடியும்வரை கோயிலுக்குப் போகக்கூடாது, மலை சுற்றக்கூடாது, பண்டிகை கிடையாது, புதுசாக எதுவும் வாசலுக்குள் வரக்கூடாது. பழையதைப் பழுது பார்க்கத் தடையில்லை. ஆகவே மாற்றிக்கொண்டே இருந்தேன். ஹாண்டில்பார், பெடல், முன் சக்கரம், ஷாக். அண்ணன் கை பட்ட இடம், கால் பட்ட இடம், உட்கார்ந்த இடம் எல்லாம் போய்விட்டன. சட்டமும் பின் சக்கரமும்தான் மிச்சம்.

ஒருநாள் கடைக்காரர் பின் சக்கரத்தையும் விடவில்லை. "உள்ள காஞ்சு போய் இருக்குது சார்" என்று என்னைக் கேட்காமலே ப்ரீவீலைத் திறந்து கிரீஸை அப்பிவிட்டார். ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரிப் போயிற்று. நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். தெருமுனையில் மிதிப்பதை நிறுத்தினேன். சத்தமே இல்லை.

கேட்டைத் திறந்து உள்ளே வந்து உட்கார்ந்தேன். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"யாருங்க? பெரியவன பாக்க வந்தீங்களா? இன்னும் வரல. வர்ற நேரந்தான். உக்காருங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். என் மனைவி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அம்மா தள்ளிவைத்தாள். "வந்தவங்களுக்குக் குடும்மா. நான் அவன் வந்தப்பறம் சாப்பிடறேன்." சொந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து அம்மாவின் தட்டுச் சோற்றை நான் சாப்பிட்டேன். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன்.

"கிரீஸை எடுங்க."

"எதுக்கு சார்? சத்தமே இல்லாம போகுதே!"

"அதுக்குத்தான் எடுக்கச் சொல்றேன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். டீசல் விட்டுக் கழுவினார். "சார், கிரீஸ் இல்லாம ஓட்டினா உள்ள பல்லு தேஞ்சுடும். அப்பறம் மிதிச்சா புடிக்காது, காத்துல சுத்தும். சொல்லிட்டேன்."

"எவ்ளோ நாள் தாங்கும்?"

"நான் இன்னா ஜோசியமா பாக்கறேன்?"

டிக்டிக்டிக் திரும்பி வந்தது, முன்னைவிட ஜாஸ்தியாகவே. அம்மா சாப்பிட்டாள். சத்தம் போட வைத்தால் சக்கரம் சாகும், சக்கரத்தைக் காப்பாற்றினால் அம்மா பட்டினி. ஒவ்வொரு நாளும் கேட்டுக்குள் நுழையும்போது இன்றைக்குப் பிழைத்தோம் என்று நினைத்துக்கொள்வேன். பௌர்ணமி அன்று ஊரே மலை சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தைக் கடந்து தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். பின்னால் டிக்டிக் என்று கேட்டு ஒரு அம்மாள் திரும்பி, "இன்னாங்க அது சத்தம்?" என்றாள். "என் முட்டிங்க. வயசாயிடுச்சு" என்றேன். "அண்ணாமலையான வேண்டிக்கினு ஒரு சுத்து வாங்க, சரியாயிடும்" என்றாள் பாவம். எனக்கு அந்த வருஷம் அதற்கும் அனுமதி இல்லை என்று சொல்லவில்லை.

தலைதிவசத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது பல் தேய்ந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சாலையைக் கடக்க எழுந்து நின்று ஒரு மிதி மிதித்தேன். பெடல் காற்றில் சுற்றியது. என் கால் அதோடு போக, நான் ஹாண்டில்பாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பஸ்ஸுக்கு முன்னால் விழுந்தேன். பிரேக் அலறியது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ்! வூட்ல சொல்லிட்டு வந்தியா?"

நல்ல கேள்வி. எழுந்திருக்காமல் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நான் செத்திருந்தால் வீட்டில் யார் செத்ததாகச் சொல்லுவார்கள்? அம்மா எந்தப் பிள்ளையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பாள்?

முட்டியில் ரத்தத்தோடு கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பழைய ப்ரீவீலுக்கு மாற்று கிடைக்காது என்று கடைக்காரர் சத்தியமே செய்தார். "புதுசு எடுத்துடுங்க சார். பாருங்க, எத்தன மாடல்!" நானும் வரிசையாக நின்ற புதுச் சைக்கிள்களின் பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, காதை வைத்துக் கேட்டேன். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரி. ஒன்று வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது. ஒன்று பல்லைக் கடித்தது. ஒன்று ஊமை.

"சார், நீங்க சைக்கிள் வாங்க வந்தீங்களா, வீண வாங்க வந்தீங்களா?"

எதுவும் அண்ணன் மாதிரி இல்லை. கடைசியில் தேடிப் பிடித்து ஒரு ஊமைப் பின் சக்கரத்தையே மாட்டிக்கொண்டேன். அது ரிப்பேர்தான், புதுசு இல்லை. "பழச எடைக்குப் போட்டுடட்டா?" என்று கடைக்காரர் தூக்கினார். தூக்கும்போது அவர் விரல் பட்டுப் பல்சக்கரம் பின்பக்கம் உருண்டது. டிக்டிக்டிக்.

"குடுங்க இப்படி" என்று பிடுங்கிக்கொண்டேன். மிதித்தால்தான் அது பிடிக்காது. சும்மா சுற்றினால் பாடும்.

அன்றிலிருந்து நான் ஊமைச் சைக்கிளில் கேட் வரைக்கும் வருவேன். கேட்டுக்கு வெளியே மதில் ஓரம் பழைய சக்கரத்தை மறைத்து வைத்திருந்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு, பல்சக்கரத்தை விரலால் பின்னுக்குச் சுற்றுவேன். முதலில் மெல்ல, பிறகு சத்தமாக, பிறகு நிறுத்துவேன். அரசாங்கச் சம்பளம் வாங்குகிற ஆள், வாசலில் குந்திக்கொண்டு கிலுகிலுப்பை ஆட்டுகிறேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இன்னா சார், ரிப்பேரா?" என்பார். "ஆமாங்க, ரிப்பேருதான்" என்பேன்.

"பெரியவனே, வந்துட்டியா?"

"ம்."

தலைதிவசம் வந்தது. அண்ணனுக்குப் பிள்ளைகுட்டி இல்லாததால் நான்தான் செய்ய வேண்டும். அம்மா கண்ணில் படக்கூடாது என்று எப்போதோ இறந்துபோன அப்பாவின் பெரிய படத்தை முன்னால் வைத்து, அண்ணனின் சின்னப் படத்தை அதற்குப் பின்னால் செருகினாள் என் மனைவி. புரோகிதர் வந்ததும் வாசலிலேயே அண்ணன் பெயரைக் காதோடு சொல்லி, "மெதுவா சொல்லுங்க சாமி, அம்மாவுக்குத் தெரியாது" என்றேன். தலையாட்டினார்.

அம்மாவை நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தோம். மாலை வாசனை, எள் வாசனை. படத்தின் பக்கம் குனிந்து பார்த்தாள்.

"அவருக்குத் தெவசமா?"

"ஆமாம்மா" என்று நான் மணையில் உட்கார்ந்தேன்.

"யாரு, சின்னவனா? நீ எழுந்திருடா. பெரியவன் இருக்கறப்ப நீ எப்பிடி செய்யலாம்? அவங்கையால தண்ணி உட்டாத்தான் அவருக்குப் போயி சேரும். பெரியவன் வரட்டும்."

"அவன் வர லேட்டாகும்மா."

"லேட்டானா இன்னா? காத்துக்கினு இருப்போம். சாமி, நீங்க இருங்க."

புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அன்று வேறு வீடுகளும் இருந்தன. என் மனைவி என்னைப் பார்த்தாள். சொல்லாமலே புரிந்தது. நான் ஈர வேட்டியோடு எழுந்தேன். கேட்டைத் திறந்து வெளியே போய், மதில் ஓரம் குந்தி, சக்கரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஈர விரல் வழுக்கியதில் முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

"பெரியவனே, வந்துட்டியா? வா வா, உனக்காகத்தான் சாமி காத்துக்கினு கீறாரு."

உள்ளே வந்து மறுபடியும் மணையில் உட்கார்ந்தேன். புரோகிதர் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. என் விரலில் தர்ப்பையை மாட்டினார்.

"செய்யறவர் பேரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அண்ணன் பெயரைச் சொன்னாள். கணீரென்று சொன்னாள்.

புரோகிதரின் கை நின்றது. இறந்தவன் பெயரும் அதுவேதான். குனிந்து என்னிடம், "ரெண்டும் ஒரே பேரா வருதே. அப்பிடி சொல்லக்கூடாதுங்களே" என்றார்.

"இன்னா சாமி, மெதுவா பேசறீங்க? அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். நல்லா சத்தமா சொல்லுங்க, அப்பத்தான் உழும்" என்றாள் அம்மா.

புரோகிதர் அப்பா படத்தைப் பார்த்தார். அதற்குப் பின்னால் ஓரமாகத் தெரிந்த இன்னொரு படத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே சொன்னார். இன்னாருக்காக இன்னார் செய்வது. இரண்டு இடத்திலும் என் அண்ணன்தான். பெரியவன் பெயர் காதில் விழுந்ததே அம்மாவுக்குப் போதும், தலையாட்டினாள். என் கையால் அண்ணன் அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டான். இரண்டு பக்கமும் ஒரே எண் இருந்தால் அடித்துவிடு என்பான் அண்ணன், எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த காலத்தில். அடித்துப் பார்த்தேன். மிச்சம் ஒன்றும் இல்லை, நான்கூட இல்லை.

படையல் முடிந்து இலை போட்டார்கள். அம்மா பக்கத்தில் என்னை உட்கார வைத்துக்கொண்டாள். வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டாள். பாயசம் இன்னொரு முறை கேட்டாள். நானும் சாப்பிட்டேன். அவள் கையை நீட்டிப் பக்கத்து இலையைத் தடவினாள். யாரும் இல்லை.

"சின்னவன் எங்க? இங்கதான் இருந்தான். எழுந்திருன்னு சொன்னதும் கோச்சிக்கினு போயிட்டான் போல. அவன கூப்புடும்மா, பசியோட எங்க சுத்தறானோ."

என் மனைவி அந்த இலையில் சோற்றைப் பரிமாற ஆரம்பித்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

நான் எழுந்து கை கழுவினேன். சத்தம் போடாமல் கேட்டுக்கு வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றேன். மலை மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு சக்கரத்தைத் தொடாமல், செருப்பைத் தேய்த்து நடந்து, "இன்னாம்மா, எனக்கு வடை வெச்சீங்களா, இல்ல காக்காவுக்கே எல்லாம் போட்டுட்டீங்களா?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தேன்.

அம்மா முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்து இழுத்து இரண்டாவது இலையில் உட்கார வைத்தாள்.

"வாடா. எப்பவும் நீ லேட்டுதான். இப்பத்தான் பெரியவன் சாப்ட்டுட்டு எழுந்து போனான். ஒரு நிமிஷம் முன்னால வந்திருந்தா பாத்திருக்கலாம்."

அவள் கை என் கையை விடவில்லை. இடது கையால் சாப்பிடவா முடியும்? அப்படியே உட்கார்ந்திருந்தேன். வருஷம் முடிந்துவிட்டது, நாளையே புதுச் சைக்கிள் வாங்கலாம், தடை இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அவள் கையை விட்டதும் அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டேன். சக்கரம் கேட்டுக்கு வெளியே தனியாகக் கிடந்தது. விட்டால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான்.